கரும்புக்காட்டுக்குப் பின்னால் ஓர் எரிமலை

1883 செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் மெட்ராஸில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. உதிக்கும்போதும் அடையும்போதும் பச்சை, சில சமயம் நீலம். தென்னிந்தியாவில் பல ஊர்களிலும் இலங்கையிலும் அதே நிறத்தைப் பார்த்தார்கள். மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்த போக்சன் இதைப் பதிவு செய்தார். கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் இன்னும் ஒரு படி மேலே போய், நிறமாலைக் கருவியை எடுத்து அந்தப் பச்சை ஒளியைப் பிரித்துப் பார்த்தார். சிவப்புப் பகுதி மங்கிக் கிடந்தது. நீராவி உண்டாக்கும் கோடுகள் வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தன. பிற்பாடு கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர் இதே மிச்சி ஸ்மித்தான். வாழ்நாள் முழுக்கச் சூரியனைப் பார்க்கப் போகிறவருக்கு இப்படி ஒரு தொடக்கம்.

காரணம் இரண்டு வாரத்துக்கு முன்னால், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்தது. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் சுந்தா நீரிணையில் இருந்த கிராக்கத்தோவா தீவு, ஆகஸ்ட் 27 காலை பத்து மணி வாக்கில் வெடித்துச் சிதறியது. 36,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் கடல் அலையில். சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளி, மொரீஷியஸ் பக்கத்தில் உள்ள ரோட்ரிக்ஸ் தீவு வரைக்கும் கேட்டது. அங்கே இருந்த போலீஸ் அதிகாரி, தூரத்தில் பீரங்கி சுடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுக்குமண்டலம் வரை எழுந்த தூசு மேற்கு நோக்கி நகர்ந்து, பூமத்தியரேகையை ஒட்டி உலகத்தையே சுற்றிவந்தது. அந்தத் தூசுத் துகள்களின் அளவு சிவப்பு ஒளியைச் சிதறடித்துவிட்டுப் பச்சையையும் நீலத்தையும் விட்டுவைக்கும் அளவு. மெட்ராஸ் ஆகாயத்தில் தெரிந்தது அதுதான்.

நமக்கும் எரிமலைக்கும் உள்ள உறவு என்றால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். எங்கோ வெடிக்கும், இங்கே வேடிக்கை பார்ப்போம். ஆனால் அதே 1883-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களை எரிமலைத் தீவுகளுக்குக் கப்பலேற்றி முடித்திருந்தார்கள். அவர்கள் எந்த எரிமலையின் அடிவாரத்தில் போய் விழுந்தார்கள் என்பது ஒரு விதத்தில் சீட்டுக் குலுக்கல்.

கீரனூர்க்காரன் எரிமலை பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். எங்கள் பக்கத்தில் எரிமலையும் கிடையாது, பெரிய நிலநடுக்கமும் கிடையாது. புதுக்கோட்டை போகிற வழியில் நார்த்தாமலையைப் பார்த்திருப்பீர்கள். விஜயாலய சோழீஸ்வரம் நிற்கும் அந்த மொட்டைப் பாறை வகையறா எல்லாம், ஐம்பது கோடி ஆண்டுக்கும் முன்பு பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தும் உருகியும் வெளியே வராமல் அங்கேயே ஆறிக் கெட்டியானவை. மேலே மூடியிருந்த நிலம் அரித்துப் போனபிறகுதான் வெயிலைப் பார்த்தன. எரிமலையாக ஆகாமல் போன நெருப்பு என்று சொல்லலாம்.

எரிமலை வருவதற்கு நிலத்தட்டின் விளிம்பு வேண்டும், அல்லது அடியில் ஒரு தனி அடுப்பு வேண்டும். கீரனூருக்கு இரண்டுமே இல்லை. விளிம்பு கிழக்கே இருக்கிறது. வங்காள விரிகுடாவைத் தாண்டி, நம் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு இறங்குகிறது. இறங்கும் பாறை தன்னோடு கடல்நீரையும் உள்ளே கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே உள்ள பாறையில் கலந்ததும், அந்தப் பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடுகிறது. சூடு ஏறாமலே உருகுகிறது! அந்தமானின் பாரன் தீவு, சுமத்ராவின் சினாபுங், தோபா, அதற்குத் தெற்கே கிராக்கத்தோவா என்று வரிசையாக எரிமலைகள் நிற்பது இந்தச் சொருகலால்தான். பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றி ஜப்பான், பிலிப்பைன்ஸ், சிலி என்று நிற்பவையும், கரீபியத் தீவுகளில் இருப்பவையும் இதே கதைதான். உலகத்தின் ஆபத்தான எரிமலைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட விளிம்புகளில் இருக்கின்றன.

அந்தப் பக்கம் தமிழர்கள் போனதும் புதிதில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் ஊருக்கு அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. கற்பூரம் வாங்கப் போனவர்கள். நார்த்தாமலையும் சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்ற பெயரில் ஒரு வணிக நகரமாக இருந்தது என்பதால், இந்தக் கல்வெட்டு எனக்கு ரொம்ப தூரத்துச் செய்தியாகத் தெரிவதில்லை. பாரூஸிலிருந்து உள்ளே மலையேறினால் தோபா ஏரி, சுமார் நூறு கிலோமீட்டர் நீளம். அது ஏரி இல்லை, எரிமலை வாய். கிட்டத்தட்ட 74,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வெடித்தபோது விழுந்த சாம்பல், ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெள்ளை அடுக்காக மண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் வணிகர்கள் போனார்கள், விற்றார்கள், வாங்கினார்கள், பருவக்காற்று திரும்பியதும் வந்தார்கள். தங்கியவர்களும் தாங்களாகவே தங்கினார்கள். பிற்காலத்துக் கப்பல்களில் போனவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

அந்தக் கப்பல்களுக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்ன சமையலறை விஷயம் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எரிமலையை மூன்று வகையாகப் படித்தோம்: செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை. ஒரு மார்க் கேள்வி. இந்த வகைப்பாடு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பாரன் தீவு 1832-க்குப் பிறகு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு 1991-ல் எழுந்தது. சினாபுங் சுமார் நானூறு ஆண்டுகள் கழித்து 2010-ல் எழுந்தது. தூங்குகிறதா செத்துவிட்டதா என்பதை மலைதான் சொல்ல வேண்டும், நாம் சொல்ல முடியாது. அடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு வேண்டியது வேறு தகவல்: எழுந்தால் உள்ளேயிருந்து என்ன வரும்?

ரசம் கொதிப்பதையும் கூழ் கொதிப்பதையும் பார்த்திருப்பீர்கள். ரசத்தில் குமிழ் வந்ததும் உடைந்து ஆவி போய்விடும். கூழில் குமிழ் மேலே வர முடியாமல் அடியிலேயே உப்பி, ‘பொளக்’கென்று வெடித்துக் கையில் தெறிக்கும். பாறைக் குழம்பும் இப்படித்தான். அதில் சிலிக்கா குறைவாக, பாதியளவு இருந்தால் ரசம் மாதிரி ஓடும். வாயு சுலபமாக வெளியேறிவிடும். இப்படி ஓடி ஓடிப் படிந்து, கவிழ்த்து வைத்த கேடயம்போல அகலமாக உண்டாவது கேடய எரிமலை. ஹவாயில் இருப்பவை இந்த வகை. சிலிக்கா அறுபது சதவீதத்தைத் தாண்டினால் கூழ். வாயு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு முறை குழம்பு, ஒரு முறை சாம்பல் என்று மாறி மாறிப் படிந்து செங்குத்தாக, படத்தில் வரைகிற மாதிரி அழகாக எழுவது கூட்டு எரிமலை. பார்க்க அழகாக இருக்கும் மலைதான் பெரும்பாலும் ஆளைக் கொல்லும். தட்டு சொருகும் இடங்களில் அதிகம் கிடைப்பது கூழ். தனி அடுப்புகளின் மேல், நடுக்கடலில், பெரும்பாலும் ரசம்.

பிரான்ஸ் தன் காலனிகளில் 1848-ல் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. பாண்டிச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் அங்கே இருந்த ஜனத்தொகை போதவில்லை. எனவே தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றியிருந்த பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டார்கள். 1860-லும் 1861-லும் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு இதை முறைப்படுத்தின. ஐந்து வருஷக் கெடு. ஒரு கப்பல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியனுக்குப் போகும். இன்னொன்று ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து மார்த்தினிக்குக்கோ குவாதலூப்புக்கோ போகும். மூன்று தீவுகளிலும் கரும்பு. மூன்றிலும் எரிமலை. எரிமலை மண்ணில் கரும்பு நன்றாக வரும் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ரீயூனியனுக்குப் போனவர்களுக்கு வாய்த்தது ரசம். பிதோன் தெ லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர் உயரம், உலகத்தில் அதிகமாக வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. சராசரியாக வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கும். ஆனால் பெரும்பாலும் மனிதர்கள் இல்லாத அதன் பெரிய பள்ளத்துக்குள்ளேயே வழிந்து, சில சமயம் கடல்வரை இறங்கும். இன்றைக்கும் அது பொங்கினால் தீவுக்காரர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு பார்க்கப் போகிறார்கள்.

இந்த மலையைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ரீயூனியனுக்கு அடியில் இருப்பது ஒரு தனி அடுப்பு. அடுப்பு அதே இடத்தில் இருக்க, மேலே நிலத்தட்டு தோசைக்கல் மாதிரி நகர்ந்துகொண்டே போகிறது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த அடுப்புக்கு மேலே இருந்தது இந்தியா. அப்போது நிலம் பிளந்து வழிந்த குழம்புதான் தக்காணப் பாறை. மகாராஷ்டிரமும் சுற்றியுள்ள பகுதிகளுமாக இன்றும் ஏறக்குறைய ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேஷ்வர், எல்லோரா, அஜந்தா எல்லாம் அந்தக் குழம்பு ஆறியதில் நிற்பவை. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்தது. அடுப்பு கடலுக்கு அடியில் ஒரு தழும்பை இழுத்துக்கொண்டே வந்தது: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ். கடைசியில் ரீயூனியன். காரைக்காலில் கப்பலேறிய ஆள், இந்தியாவைச் சுட்ட அதே அடுப்பின் மேல் போய் இறங்கினார். இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. அன்றைய அறிவியலுக்கே நிலத்தட்டு என்றால் தெரியாது.

மலை அங்கே ஆளைக் கொல்லவில்லை என்பதற்காக வாழ்க்கை நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரீயூனியனுக்குப் போனார்கள். அங்கே நடந்த கொடுமைகள் தாங்காமல், 1882-ல் பிரிட்டிஷ் இந்திய அரசே இனி ஆள் அனுப்ப முடியாது என்று நிறுத்தியது. பிரிட்டிஷ்காரர்களுக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கொன்றது தோட்டம்தான். அதையும் தாண்டி அவர்கள் வேர்விட்டார்கள். இன்று அவர்களை ‘மல்பார்’ என்கிறார்கள். தீமிதியும் காவடியும் நடக்கின்றன. கிழக்குக் கரையில் கரும்புக்காடுகளும் கோயில்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

1977 ஏப்ரலில் குழம்பு தன் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, பிதோன் சேந்த் ரோஸ் ஊருக்குள் இறங்கியது. வீடுகளை அழித்தது. மாதா கோயில் வாசலைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. இப்போது அந்தக் கோயிலுக்கே எரிகுழம்பு மாதா என்றுதான் பெயர். ஊரை முன்கூட்டியே காலி செய்திருந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. நடந்து தப்பிக்கக்கூடிய எரிமலை அது.

மார்த்தினிக்குக் கதை வேறு.

தமிழ்நாட்டுக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போன முதல் கப்பலின் பெயர் ஓரேலி. 1853 மே 6 அன்று சேன் பியேர் துறைமுகத்தில் இறக்கியது. முந்நூறுக்குச் சற்று மேற்பட்டவர்கள். சேன் பியேர் அப்போது கரீபியத்தின் பாரிஸ் என்று பேர்வாங்கிய ஊர். நாடகக் கொட்டகை, ரம் கிடங்குகள், துறைமுகம் எல்லாம் உண்டு. ஊருக்கு வடக்கே ஏழு கிலோமீட்டரில் பெலே மலை, 1,397 மீட்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், 1851-ல், அந்த மலை லேசாகப் புகைந்து ஊர்மேல் சாம்பலைத் தூவியிருந்தது. ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் பேசிவிட்டு மறந்துவிட்டார்கள். வந்து இறங்கியவர்களுக்கு அது ஒரு மலை, அவ்வளவுதான்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் மார்த்தினிக்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கெடு முடிந்து திரும்பியவர்கள் போக மிஞ்சியவர்கள் தீவின் வடக்கே, பாஸ் புவேந்த், மக்கூபா பக்கத்துத் தோட்டங்களில் அதிகம் தங்கினார்கள். அதாவது பெலேவின் சரிவில். பிரெஞ்சுக் கரீபியத்தில் அவர்கள் வைத்துக் கும்பிட்ட சாமிகளின் பெயரைப் பாருங்கள்: மாரியம்மன் ‘மாரியெமென்’ ஆனாள், மதுரைவீரன் ‘மால்தெவிலின்’ ஆனார். மொழி போய்விட்டது. காவல் தெய்வம் மட்டும் கூடவே நின்றது.

1902 ஏப்ரலில் பெலே முழித்துக்கொண்டது. முதலில் கந்தக நாற்றம். பிறகு சாம்பல். எறும்பும் பூரானும் பாம்பும் மலையிலிருந்து கீழே இறங்கின. மே 5 அன்று மலை உச்சியிலிருந்து பொங்கிவந்த சேறு, கடற்கரையில் இருந்த கெரேன் சர்க்கரை ஆலையை ஆட்களோடு மூடியது. மே 7 அன்று, தெற்கே பிரிட்டிஷார் வசம் இருந்த செயின்ட் வின்சென்ட் தீவில் லா சூஃப்ரியேர் வெடித்து 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தீவுக்கும் நம்மவர்கள் போயிருக்கிறார்கள். 1861-ல் மெட்ராஸிலிருந்து போன முதல் கப்பலின் பெயர் டிராவன்கோர்.

எங்கள் வேலையில் இரவு ஷிஃப்டில் அலர்ட் மேல் அலர்ட் வந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதை யாரும் பார்க்க மாட்டார்கள். சேன் பியேரில் நடந்தது அதற்குப் பக்கத்தில் வரும். மே 11 அன்று தேர்தலின் இரண்டாம் சுற்று இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியது. கவர்னர் மூத்தே மக்களை வெளியேறவிடாமல் தடுத்த வில்லன் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரே மனைவியைக் கூட்டிக்கொண்டு சேன் பியேருக்குப் போய்த் தங்கினார், அங்கேயே செத்தார். வில்லன் அப்படிச் செய்ய மாட்டான். எரிமலை என்றால் குழம்பு வழியும், குழம்பு வந்தால் பார்த்துவிட்டு நகரலாம் என்று எல்லோரும் நம்பியதுதான் விஷயம். ஊருக்கும் மலைக்கும் நடுவில் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, குழம்பு அதில் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ரசத்துக்குச் சரியான கணக்கு. பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்கூடச் சாம்பலுக்குப் பயந்து பாதுகாப்புக்காக அந்த ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

மே 8 காலை எட்டு மணி இரண்டு நிமிடம். பெலேவிலிருந்து குழம்பு வரவில்லை. சில நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த மேகம் ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்தது. பள்ளத்தாக்கு அதைத் தடுக்கவில்லை. சில நிமிடத்தில் ஊர் முடிந்தது. சுமார் 28,000 பேர். நகருக்குள் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர் சிப்பாரிஸ் என்ற கைதி. தடித்த கல்சுவர் வைத்த சிறை அறைக்குள் அடைத்து வைத்திருந்ததால் தீக்காயத்தோடு தப்பினார். பிற்பாடு அமெரிக்க சர்க்கஸ் ஒன்று அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டியது. ஓரேலி கப்பல் ஆட்களை இறக்கி நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆகி இரண்டு நாள் கழித்து, அந்தத் துறைமுகம் இல்லாமல் போனது.

அதோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் 30 அன்று இரண்டாவது பெரிய மேகம் வந்து மலையின் இன்னொரு பக்கத்தில் இருந்த மோர்ன் ரூஜ் ஊரை அழித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வடக்குத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு மே மாதம் தப்பித்தது ஒரு தவணை மட்டுமே.

பிரெஞ்சு அறிவியலாளர் அல்ஃபிரட் லக்ருவா வந்து மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். அந்த மேகத்துக்கு ‘எரிமேகம்’ என்ற பொருளில் அவர் வைத்த பிரெஞ்சுப் பெயரைப் பாடப்புத்தகங்களில் ரொம்ப நாள் பயன்படுத்தினார்கள். இப்படி வெடிக்கும் எரிமலைகளுக்கே பெலே வகை என்று பெயர் வந்தது. எரிமலையை அதன் உருவத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வெடிக்கும் விதத்தை வைத்துப் பிரிக்கப் பழகியதில் சேன் பியேருக்குப் பெரிய பங்கு உண்டு. இறந்தவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் குவாதலூப்பில் அந்தப் பாடம் வேலை செய்தது. 1976-ல் அங்கே இருக்கும் இன்னொரு லா சூஃப்ரியேர் புகைய ஆரம்பித்ததும், அரசு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றியது. கடைசியில் பெரிய வெடிப்பு எதுவும் வரவில்லை. வெளியேற்றச் சொன்ன குளோத் அலேக்ரும், தேவையில்லை என்ற அரூன் தாசியேஃபும் பத்திரிகைகளில் அடித்துக்கொண்டார்கள். பாறை விஷயத்தில் தாசியேஃப் சொன்னதுதான் சரியாக இருந்தது. இருந்தாலும் 1902-ஐப் படித்துவிட்டு ஒரு அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், நானும் காலி செய்யத்தான் சொல்லியிருப்பேன்.

கூலித் தமிழர் வரலாறு என்று நாம் எழுதுவதில் கப்பல் வரும், கங்காணி வருவான், சவுக்கு வரும். காலடியில் இருந்த நிலம் அநேகமாக வருவதே இல்லை. ஒரே காரைக்கால், ஒரே ஐந்து வருஷக் கெடு, ஒரே கரும்பு. ஒரு கப்பல் போன தீவில் பாறையில் சிலிக்கா கொஞ்சம் குறைவு, இன்னொன்றில் கொஞ்சம் அதிகம். அதற்கு மேல் வித்தியாசம் எதையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, இதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

பாஸ் புவேந்த் பக்கத்தில் பழைய தோட்டம் ஒன்றில் இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 2020 டிசம்பரில் பெலேவுக்கு அடியில் சின்னச் சின்ன அதிர்வுகள் கூடியதால், கண்காணிப்பு நிலையம் எச்சரிக்கையைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஏற்றியது.